மறதியை ஆராய்ந்த மருத்துவ மேதை அலோயிஸ் அல்சைமர்

மனிதனுக்கு இறைவன் அளித்துள்ள கொடைகளுள் நினைவாற்றல் தலைசிறந்தது எனலாம். தாயின் முகத்தை அடையாளம் காண்பதும், வீட்டுக்கு வழியறிந்து திரும்புவதும், படித்த பாடத்தைத் தேர்வில் எழுதுவதும், பெற்ற நன்றியை மறவாதிருப்பதும் அதனால் அன்றோ? தேர்வு மண்டபத்தில் ஒரே ஒரு விடை மறந்து போனாலும் நமக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அப்படியானால், தம் பெயரையே எழுத முடியாமல் பாதியில் நிற்பவரின் நிலை எப்படி இருக்கும்? அத்தகைய ஒரு பெண்மணியின் எதிரே பொறுமையோடு அமர்ந்து, அவர் கூறியதையெல்லாம் எழுதி வைத்து, பின்னர் அவருடைய துன்பத்தின் காரணத்தை நுண்ணோக்கியின் வழியே தேடிய ஒரு மருத்துவரின் வாழ்க்கை வரலாற்றை இங்குக் காண்போம்.

இவரைப் பற்றி நாங்கள் அறிய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாச்சிக்கு வயது 78. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஞாயிற்றுக்கிழமைச் சமையல் முழுவதும் அவர்கள் கையில்தான். பின்னர் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார்கள். ஜெபமாலையை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார்கள். பூசை கண்டு வீடு திரும்பிய சிறிது நேரத்திற்குள், இன்று கோவிலுக்குப் போக வேண்டாமா என்று கேட்டார்கள். அக்காள் தங்கையரான நாங்கள் இருவரும் முதலில் சிரித்தோம், பிறகு சலித்துக்கொண்டோம். ஒருநாள், பத்து முறை சொல்லியாயிற்று, சும்மா இருங்கள் என்று கடிந்தே கூறிவிட்டோம். அம்மாச்சி ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மருத்துவரிடம் காட்டியபோது அவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். எங்கள் வாயில் எளிதில் நுழையாத அந்தப் பெயர், உண்மையில் ஒரு மனிதரின் பெயர் என்பதை அன்று மாலைதான் அறிந்தோம்.

இளமையும் கல்வியும்

அலோயிஸ் அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் மைன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் எடுவார்ட், பத்திரங்களைப் பதிந்து சான்றளிக்கும் அலுவலர். தாயார் பெயர் தெரேசியா. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு அக்குடும்பம் அஷாஃபன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் பயிலும்போதே இயற்கை அறிவியலில் அல்சைமர் சிறந்து விளங்கினார்.

1883இல் பள்ளிப் படிப்பை முடித்த அவர், பெர்லின், வூர்ஸ்பர்க், டியூபிங்கன் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். மாணவராய் இருந்தபோது வாட்போட்டியில் ஈடுபட்டு முகத்தில் ஒரு தழும்பையும் பெற்றுக்கொண்டார். மேதைகளும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மாணவர்களே என்பதற்கு இது ஒரு சான்று. 1887இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் எது தெரியுமா? காதில் அழுக்கைச் சுரக்கும் சுரப்பிகள்! இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மிகச் சிறியவற்றை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய அந்தக் கண்களே பின்னாளில் பெரியதொரு கண்டுபிடிப்புக்கு உதவின.

பிராங்க்ஃபர்ட்டில் அரும்பணி

1888ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்க்ஃபர்ட் நகரில், மனநோயாளருக்கும் வலிப்பு நோயாளருக்கும் உரிய நகர மருத்துவமனையில் அல்சைமர் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அங்குத் தலைமை மருத்துவராக இருந்தவர் எமில் சியோலி. அந்நாளில் பல இடங்களில் மனநோயாளரைக் கட்டி வைப்பதும் அடைத்து வைப்பதும் வழக்கமாயிருந்தன. சியோலியும் அல்சைமரும் அவ்வழக்கத்தைக் குறைத்தனர். கட்டுகளுக்குப் பதிலாக, அமைதியற்ற நோயாளிகளை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நெடுநேரம் இருக்கச் செய்து அமைதிப்படுத்தினர், நோயாளிகளோடு உரையாடினர்.

மறு ஆண்டில் பிரான்ஸ் நிசில் என்னும் இளம் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் உயிர்த் தோழர்கள் ஆயினர். பகலெல்லாம் நோயாளிகளைக் கவனிப்பர். மாலையில் நுண்ணோக்கியின் முன் அமர்வர். மூளைத் திசு வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்து களி போல இருக்கும். அதனை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றினால்தான் நரம்பணுக்கள் தனித்துத் தெரியும். அத்தகைய சாயமேற்றும் முறை ஒன்றை நிசில் கண்டுபிடித்திருந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மனத்தின் நோய்களுக்கு மூளையில் ஏதேனும் அடையாளம் உண்டா என்பதே இரு நண்பர்களையும் ஆட்கொண்ட வினா.

1894இல் அல்சைமர், வைர வணிகர் ஒருவரின் விதவையான செசிலி என்னும் பெண்மணியை மணந்தார். கெர்ட்ரூட், ஹான்ஸ், மரியா என மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனால் அந்த இனிய இல்லறம் நீடிக்கவில்லை. 1901ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செசிலி காலமானார். கடைசிக் குழந்தை அப்போது மிகச் சிறியது. அல்சைமரின் சகோதரி எலிசபெத் வந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். துயரத்தில் ஆழ்ந்த அல்சைமர் தம் பணியைக் கைவிட்டாரா? இல்லை, முன்னினும் அதிகமாக அதில் மூழ்கினார்.

அவுகுஸ்டே என்னும் நோயாளி

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அவுகுஸ்டே டேட்டர் என்னும் பெண்மணி அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு வயது 51. கணவர் கார்ல் ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர். நல்ல இல்லத்தரசியாக வாழ்ந்த அவுகுஸ்டே, சில காலமாகக் காரணமின்றிக் கணவர் மீது ஐயம் கொள்ளத் தொடங்கினார். நினைவு விரைவாகக் குறைந்தது. சமையலில் தவறுகள் செய்தார். பொருள்களை ஒளித்து வைத்தார். வீட்டுக்குள்ளேயே நோக்கமின்றி அலைந்தார். இதைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரிசிப் பானையும் ஜெபமாலையும் எங்கள் நினைவுக்கு வந்தன.

மறுநாள் அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து வினாக்கள் கேட்டார். பெயரைக் கேட்டார், சரியாகச் சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டார். அதற்கும் தம் பெயரையே சொன்னார். நண்பகல் உணவு உண்டுகொண்டிருந்த அவரிடம் என்ன உண்கிறீர்கள் என வினவியபோது, கீரை என்றார். பென்சில், சாவி, புத்தகம் முதலியவற்றைக் காட்டினால் சரியாகப் பெயர் சொல்வார். சற்று நேரம் கழித்து என்ன காட்டினேன் என்று கேட்டால் தெரியாது. பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்னும் பொருள்படும் முதற்சொல்லை எழுதி அதனோடு நின்றுவிடுவார். மற்றச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் பலமுறை கூறினாராம். தமக்கு நேர்ந்ததை அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார் அந்த ஏழைப் பெண்மணி.

இவற்றையெல்லாம் அல்சைமர் அன்றன்றே தம் கைப்பட எழுதி வைத்தார். மற்றவர்கள் பொருளற்ற உளறல் என்று தள்ளக்கூடியதை அவர் ஒரு சொல்லும் விடாமல் குறித்துக்கொண்டார். அதற்குக் காரணமும் இருந்தது. முதியவர்கள் மறதிக்கு ஆளாவது அக்காலத்திலும் தெரிந்ததே. அது வயதின் விளைவு என்றே எல்லோரும் எண்ணினர். அவுகுஸ்டேயோ முதியவர் அல்லர். அப்படியானால் இந்த மறதிக்கு வயதைத் தவிர வேறொரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

நுண்ணோக்கி காட்டிய உண்மை

சிறிது காலத்தில் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எமில் கிரேபெலின் அழைத்ததன் பேரில் அல்சைமர் ஹைடெல்பர்க் சென்று, 1903இல் அவருடனேயே மியூனிக் நகரை அடைந்தார். அங்கே மூளைத் திசு ஆய்வுக்கூடத்தை நடத்தினார். தொடக்கத்தில் அவருக்கு ஊதியம் இல்லை. மனைவி விட்டுச் சென்ற செல்வம் இருந்ததால் ஊதியத்தை எதிர்பாராமல் உழைத்தார். பல நாடுகளிலிருந்தும் இளம் மருத்துவர்கள் அவரிடம் பயில வந்தனர். இத்தாலியிலிருந்து கயேட்டானோ பெருசினி வந்தார். அடிமைப்பட்டிருந்த மூதாதையரின் பேரனாக லைபீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவரான சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் வந்தார். பருத்த உடலும் மூக்குக்கண்ணாடியும் கொண்ட ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் அருகிலும் அமர்ந்து, நுண்ணோக்கியில் தெரிவதை நெடுநேரம் விளக்குவார். விளக்கும் ஆர்வத்தில் கையிலிருந்த சுருட்டை அந்த மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாராம். மாலையில் பார்த்தால் மேசைக்கொரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம். மறதியை ஆராய்ந்தவருக்கும் மறதி!

ஆனால் அவுகுஸ்டேயை மட்டும் அவர் மறக்கவில்லை. பிராங்க்ஃபர்ட்டை விட்டு வந்த பின்னும் அவருடைய நிலையைக் கேட்டறிந்து வந்தார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், படுக்கைப் புண்களால் வாடிய அவுகுஸ்டே 55ஆம் வயதில் காலமானார். அவரது மூளையையும் மருத்துவக் குறிப்புகளையும் சியோலி மியூனிக்கிற்கு அனுப்பி வைத்தார்.

மூளை பெரிதும் சுருங்கியிருந்தது. மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி என்பார் அண்மையில் கண்டிருந்த வெள்ளி உப்புச் சாயமுறையை அல்சைமர் கையாண்டார். அப்போது இரண்டு மாறுதல்கள் தெரிந்தன. நரம்பணுக்களின் உள்ளே நூல்கள் முறுக்கேறிச் சிக்குண்டு முடிச்சுகளாய்க் கிடந்தன. சில இடங்களில் அணு அழிந்து மறைந்த பின்னும் அந்த முடிச்சு மட்டும் எஞ்சி நின்றது. மூளைப் புறணியின் நரம்பணுக்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு கெட்டிருந்ததாக அவர் கணக்கிட்டார். அணுக்களுக்கு வெளியேயோ, ஏதோ ஒரு பொருள் சிறுசிறு புள்ளிகளாகப் படிந்திருந்தது. அப்படிவுகளைக் குறிக்கத் தினையின் பெயரால் அமைந்த ஒரு சொல்லை அவர் பயன்படுத்தினார். தினையளவு என்று நாம் சொல்வதில்லையா, அது போல!

1906 நவம்பரில் டியூபிங்கன் நகரில் கூடிய தென்மேற்கு ஜெர்மானிய மனநல மருத்துவர் மாநாட்டில் இதனை விளக்கினார். பாராட்டும் கிடைக்கவில்லை, ஒரு வினாவும் எழவில்லை. அவை அடுத்த சொற்பொழிவுக்குச் சென்றுவிட்டது. இருப்பினும் அவர் சோர்வடையவில்லை. 1907இல் அதனைச் சுருக்கமான கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிராகா நகரின் ஆஸ்கர் ஃபிஷர் என்பவரும் மறதியுற்ற முதியோரின் மூளைகளில் அத்தகைய படிவுகளைக் கண்டு எழுதினார். பெருசினி மேலும் சில நோயாளிகளை ஆராய்ந்தார். 1910இல் கிரேபெலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதற்கு அல்சைமர் நோய் எனப் பெயர் சூட்டினார். இது தனியொரு நோய்தானா, அல்லது முதுமை மறதியின் ஒரு வகையா என்பதில் அல்சைமருக்கே ஐயம் இருந்தது. பெயர் கிடைத்ததே போதும் என்றிராமல், 1911இல் மற்றொரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதி அந்த ஐயத்தையும் வெளிப்படையாகக் கூறினார். இந்நேர்மையன்றோ அறிஞருக்கு அழகு!

இறுதி நாட்கள்

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் விரோட்சுவாஃப் என வழங்குகிறது. அங்குச் செல்லும் வழியிலேயே இரயிலில் நோய்வாய்ப்பட்டார். தொண்டையில் தோன்றிய தொற்று இதயத்தையும் தாக்கியது. முழுநலம் பெறாமலே மூன்றாண்டுகள் பணியாற்றிய அவர், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 51. அவுகுஸ்டே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது! பிராங்க்ஃபர்ட் கல்லறைத் தோட்டத்தில், மனைவி செசிலியின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து பல ஆண்டுகள் வரை, இந்நோய் வயது குறைந்தோரை அரிதாகத் தாக்குவது என்றே மருத்துவ உலகம் கருதியது. முதியோரைத் தாக்கும் மறதியும் பெரும்பாலும் இதே நோய்தான் என்பதை 1976இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்தினார். 1984இல் ஜார்ஜ் கிளென்னரும் அவர் துணைவர் வோங்கும் படிவுகளோடு தொடர்புடைய அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தைப் பிரித்தறிந்தனர். முடிச்சுகள் டாவ் என்னும் மற்றொரு புரதத்தால் ஆனவை என்பதும் அதே பத்தாண்டில் தெரிய வந்தது. காணாமற்போனதாக எண்ணப்பட்ட அவுகுஸ்டேயின் நீல நிறக் கோப்பு, 1995இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் பேராசிரியர் கொன்ராட் மௌரர் குழுவினருக்குக் கிடைத்தது. அல்சைமரின் கையெழுத்தும், அவுகுஸ்டே பாதியில் விட்ட கையெழுத்தும் அதில் இருந்தன.

கன்னியர் மடத்துப் பள்ளியில் பயிலும் நமக்குச் சிறப்பாக மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் தொடங்கிய ஆய்வில், நாத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 வயது முதிர்ந்த கன்னியர் பங்கேற்றனர். ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தங்கள் மூளையையும் ஆய்வுக்குத் தர அவர்கள் இசைந்தனர். அவர்களுள் ஒரு சகோதரி 101 வயது வரை வாழ்ந்தார். அவர் மூளையில் முடிச்சுகளும் படிவுகளும் மிகுந்திருந்தன; ஆயினும் சோதனைகளில் அவர் நன்றாகவே விடையளித்திருந்தார்! இளம் வயதில் கருத்துச் செறிவோடு தன்வரலாறு எழுதிய கன்னியரிடம் முதுமையில் இந்நோய் குறைவாகக் காணப்பட்டதாம். கட்டுரை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் நாம் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகில் சுமார் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோய்களால் அவதியுற்றனர். அவர்களுள் பெரும்பாலோரைப் பற்றியிருப்பது அல்சைமர் நோயே. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 இலட்சம் பேர் மறதி நோயாளிகள் என 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. தொடக்க நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகள் அண்மையில்தான் வந்துள்ளன. நல்ல கல்வி, நடைப்பயிற்சி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், புகையை விலக்கல், காது மந்தமானால் உடனே கவனித்தல், பிறரோடு கலந்து பழகுதல் ஆகியவை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என மருத்துவர் கூறுகின்றனர். பெற்றோர்களே, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல், மறதி மிகும் முதியோரை விரைவில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நலம்.

எங்கள் அம்மாச்சிக்கு இப்போது எங்கள் பெயர்கள் சில நாள் மாறிப் போகின்றன. ஆனால் மாலையில் ஜெபமாலை சொல்லும்போது ஒரு சொல்லும் தவறுவதில்லை. நேற்று நடந்தது முதலில் அழியும். நெடுங்காலம் சொல்லிப் பழகியது நெடுநாள் நிற்கும் என்று மருத்துவர் விளக்கினார். சமையலறை டப்பாக்களில் உப்பு, சர்க்கரை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கோவிலுக்குப் போக வேண்டாமா என்று பதினோராவது முறை கேட்டாலும், முதல் முறை கேட்டது போலவே பதில் சொல்லப் பழகி வருகிறோம். எல்லா நாளும் முடிவதில்லை, முயல்கிறோம். நாங்கள் கடிந்து பேசிய அந்த நாளை அம்மாச்சி மறந்துவிட்டார்கள். நாங்கள் மறக்கவில்லை.

மருந்து ஏதும் அறியாத காலத்தில், அல்சைமர் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து அவர் சொற்களைப் பொறுமையோடு கேட்டார். அவரைப் போல நுண்ணோக்கியில் காணும் ஆற்றல் நம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அருகில் அமர்ந்து கேட்பது நம்மால் இயலும். மறந்தவர்களை நாம் மறவாதிருப்போமாக!